நியூ ஹாம்ப்ஷயர் மலை ரயில்களில் செல்லத் திட்டமிடுவது எப்படி

அமெரிக்காவின் சிறிய மாநிலங்களில் ஒன்றான நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால், வாஷிங்டன் மலையின் பற்சக்கர ரயிலையே தேர்ந்தெடுங்கள். 1869-இல் ஓடத் தொடங்கிய இதுவே உலகின் முதல் பற்சக்கர மலை ரயில். இதற்கு அனுமதி கேட்ட சில்வெஸ்டர் மார்ஷிடம், நிலவுக்கே பாதை போடலாமே என்று சட்டமன்றத்தில் கேலி பேசினார்களாம். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க, பின்னாலிருந்து எஞ்சின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும். நம் நீலகிரிப் பாதையிலும் பற்சக்கரம் உண்டென்றாலும், அங்கே சரிவு 8 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இங்கே 'யாக்கோபின் ஏணி' என்னும் இடத்தில் அது 37 விழுக்காடு.

போய்வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 1,917 மீட்டர் உயர உச்சியில் 1934-இல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருப்பதால், கோடையிலும் கம்பளிச் சட்டை கட்டாயம். குளிர்காலத்தில் ரயில் உச்சிவரை செல்வதில்லை என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால், 1874-இல் கட்டப்பட்ட நார்த் கான்வே நிலையத்திலிருந்து கிராஃபர்டு கணவாய்க்குச் செல்லும் ரயிலில் ஏறுங்கள். போகும்போது வலப்பக்கத்தில் பள்ளத்தாக்கு விரியும். ஃபிராங்கன்ஸ்டைன் பாலத்தைக் கடக்கையில் கீழே பார்க்கத் தவறாதீர்கள். இலைகள் சிவக்கும் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் கூட்டம் மிகுதி என்பதால், பல வாரங்களுக்கு முன்பே முன்பதிவு செய்துவிடுவது நல்லது.