டிஎக்ஸ்100-இல் முதல் ஒலி: இரண்டு ஆபரேட்டர் போதும், தொடங்கலாம்

பழைய யமஹா டிஎக்ஸ்100 சிந்தசைசர் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் 192 பிரீசெட்டுகளையும் (தயார் ஒலிகள்) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன், பல வாரங்கள். அதற்கு மேல் போகவே பயம், ஏனென்றால் எஃப்எம் (ஒரு அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை, இந்தக் கருவி ஒலிப்பது அப்படித்தான்) என்றாலே கணக்கு, தலைவலி, புரியாது என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. ஒரு மாலை நேரம் ஒதுக்கி, இதில் உள்ள நான்கு ஆபரேட்டரில் (அலையை உண்டாக்கும் பகுதிகள்) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கீழே சொல்வதைச் செய்து பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் உங்களுடைய சொந்த ஒலி ஒன்று கையில் இருக்கும்.

இந்தக் கீபோர்டு 1985-இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்து உலகையே மாற்றிய டிஎக்ஸ்7-க்கு ஆறு ஆபரேட்டர், 32 அல்காரிதம் (ஆபரேட்டர்களை இணைக்கும் ஏற்பாடுகள்), ஒரே நேரத்தில் 16 சுரம். டிஎக்ஸ்100 அதன் எளிய தம்பி: நான்கு ஆபரேட்டர், எட்டு அல்காரிதம், எட்டு சுரம், 49 குட்டிக் கட்டைகள், ஒரே ஒரு வரி காட்டும் திரை. பாட்டரியிலும் ஓடும், தோள்வார் மாட்டிக் கிதார் போலத் தொங்கவிட்டுக்கொண்டும் வாசிக்கலாம். விலை குறைவு என்பதால் குறைவாக நினைத்துவிடாதீர்கள், டெட்ராய்ட் டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்காரர்கள் இதன் பேஸ் (தாழ்சுர) ஒலியைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய பொருள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 49 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு பேசாமல் இருக்கும், பெரும்பாலும் உள்ளே தூசி, சுத்தம் செய்தால் சரியாகும். டேட்டா ஸ்லைடரை மெல்ல நகர்த்தும்போது எண்கள் குதிக்காமல் ஏற வேண்டும். பாட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

முக்கியமானது, நினைவகத்தைக் காக்கும் நாணய வடிவ பாட்டரி. அது உள்ளே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். நான் வாங்கியதில் அது செத்துப்போயிருந்தது, விற்றவர் சொல்லவில்லை, சேமித்த ஒலிகளின் பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகளாக வந்தன. பிரீசெட்டுகளுக்கு ஆபத்தில்லை, அவை நிரந்தரமாகப் பதிந்தவை. போவது நீங்கள் சேமிக்கும் 24 இடங்கள்தான். பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் சின்ன வேலை. மாற்றும்போதே பாட்டரிக்கு ஒரு தாங்கியும் வைத்துத் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

எஃப்எம் என்றால் என்ன, கமகத்தை வைத்துச் சொல்கிறேன்

வீணையில் ஒரு சுரத்தைப் பிடித்து அசைக்கிறீர்கள். நொடிக்கு ஐந்தாறு முறை அசைத்தால் காதுக்கு அசைவு அசைவாகவே கேட்கிறது. அதே அசைவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய முடிந்தால்? அப்போது காது அதை அசைவாக எடுத்துக்கொள்ளாது, சுரத்தின் நிறமே மாறிவிட்டது போலக் கேட்கும். 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் கணினியில் வைப்ராட்டோவை, அதாவது சுர அசைவை, வேகப்படுத்திக்கொண்டே போனபோது கண்டது இதைத்தான். அதன் உரிமத்தைப் பின்னர் யமஹா வாங்கியது. பல ஆண்டுகள் கழித்து செல்போனில் வந்த பாலிஃபோனிக் ரிங்டோன்கள் பலவற்றிலும் ஒலித்தது யமஹாவின் எஃப்எம் சிப்புதான், ஆக இந்த ஒலி உங்கள் காதுக்குப் புதிதே இல்லை.

டிஎக்ஸ்100-இல் ஒவ்வொரு ஆபரேட்டரும் ஒரு சுத்தமான சைன் அலை, அவ்வளவுதான். நாம் நேரடியாகக் கேட்பது கேரியர். அதை அசைப்பது மாடுலேட்டர், அதன் ஒலி நமக்குத் தனியாகக் கேட்காது. யார் யாரை அசைக்கிறார் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் அல்காரிதம். இதற்கு மேல் கோட்பாடு இப்போது வேண்டாம்.

படி 1: வெறும் பலகையில் தொடங்குங்கள்

ஃபங்ஷன் பட்டனை அழுத்தி, வாய்ஸ் இனிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை கேள்வி கேட்கும், யெஸ் பட்டன். உறுதியா என்று மறுபடி கேட்கும், மறுபடி யெஸ். இப்போது ஒரு கட்டையை அழுத்தினால் எந்த ருசியும் இல்லாத ஒரு ஊதல் கேட்கும். இது ஆபரேட்டர் 1 மட்டும். மற்ற மூன்றும் பூஜ்ஜியத்தில் கிடக்கின்றன.

இனி எடிட் பட்டனை அழுத்தி, அல்காரிதம் பட்டன், ஸ்லைடரால் 5. இதில் இரண்டு ஜோடி: 2 ஆனது 1-ஐ அசைக்கும், 4 ஆனது 3-ஐ அசைக்கும். நான் தொடக்கக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஐந்தையே சொல்வேன்.

படி 2: அசைவைக் கேளுங்கள்

ஆபரேட்டர் செலக்ட் பட்டனால் 2-க்குப் போங்கள். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதன் அவுட்புட் லெவலை 0-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாது, 50-ஐத் தாண்டியதும் ஊதலுக்குள்ளிருந்து பித்தளை நிறம் ஒன்று மெதுவாக எழுந்து வரும், 90-க்கு மேல் கரகரக்கும். அவசரப்படாமல் நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். மாடுலேட்டரின் லெவல் என்பது சத்தத்தின் அளவு இல்லை, பிரகாசத்தின் அளவு என்பது இந்த ஒரு நிமிடத்தில் காதுக்குப் புரிந்துவிடும். புத்தகம் படித்து இது புரிவதில்லை.

அப்புறம் லெவலை 75-இல் விட்டுவிட்டு, அதே ஆபரேட்டர் 2-இன் ஃப்ரீக்வன்சி ரேஷியோவை (வாசிக்கும் சுரத்தைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் அது அதிர்கிறது என்ற எண்) மாற்றுங்கள். 1.00 வைத்தால் நிறைந்த, பித்தளைக் குழல் போன்ற நிறம். 2.00 வைத்தால் உள்ளீடற்ற, கிளாரினெட் பக்கம் சாயும் ஒலி. 3.46 வைத்தால் சட்டென்று உலோகம். முழு எண் என்றால் சுருதியோடு ஒட்டும், பின்னம் என்றால் பெரும்பாலும் மணி, தட்டு, பாத்திரம் என்று போகும் (0.50 போன்ற சில விதிவிலக்கு).

படி 3: என்வலப்

எஃப்எம் ஒலி உயிரோடு இருப்பதும் பிளாஸ்டிக்காக இருப்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால் இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். என்வலப் என்பது கட்டையை அழுத்தியதிலிருந்து விடும் வரை லெவல் ஏறி இறங்கும் விதம். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனி என்வலப் உண்டு. அட்டாக் ரேட், டிகே 1 ரேட், டிகே 1 லெவல், டிகே 2 ரேட், ரிலீஸ் ரேட் என்று ஐந்து எண்கள். அட்டாக் என்பது ஏறுவது, டிகே அழுத்தியிருக்கும்போதே அடங்குவது, ரிலீஸ் விட்ட பிறகு அடங்குவது. ரேட் எண்கள் பெரிதானால் வேகம், சிறிதானால் மெதுவு. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

இப்போது ரேஷியோவை 1.00-க்குத் திருப்பி, ஆபரேட்டர் 2-இல் அட்டாக் 31, டிகே 1 ரேட் 14, டிகே 1 லெவல் 3 வையுங்கள். அழுத்தியதும் பளீரென்று தொடங்கி மென்மையாக அடங்கும். நரம்பைச் சுண்டினாலும் சுத்தியலால் தட்டினாலும் நிஜ உலகில் நடப்பது இதுதான், முதல் கணத்தில் பிரகாசம் அதிகம், பிறகு அது சத்தத்தைவிட வேகமாகக் குறையும். கேரியரின் என்வலப் சத்தத்தைக் குறைக்கிறது, மாடுலேட்டரின் என்வலப் நிறத்தைக் குறைக்கிறது. பிரீசெட்டைத் திருத்தும்போதும் நான் முதலில் தொடுவது மாடுலேட்டரின் டிகேயைத்தான்.

படி 4: ஒரு பேஸ்

ஏற்கெனவே பாதி செய்துவிட்டீர்கள். ஆபரேட்டர் 1-இல் அட்டாக் 31, டிகே 1 ரேட் 10, டிகே 1 லெவல் 12, டிகே 2 ரேட் 6, ரிலீஸ் 9. அதன் ரேஷியோவை 0.50 ஆக்குங்கள். பாலி/மோனோவை மோனோவுக்கு (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) மாற்றி, கீழ்க் கட்டைகளில் வாசியுங்கள். தடித்த, தெளிவான பேஸ். கொஞ்சம் கோபம் வேண்டுமென்றால் ஆபரேட்டர் 2-இன் லெவலை மட்டும் ஏற்றுங்கள்.

படி 5: எலெக்ட்ரிக் பியானோ

80-களின் பாட்டுகளில் கண்ணாடி போல மினுங்கும் அந்தப் பியானோவுக்கு இரண்டாவது ஜோடியும் வேண்டும். மோனோவிலிருந்து பாலிக்குத் திரும்புங்கள். முதல் ஜோடி இரண்டுக்கும் ரேஷியோ 1.00, ஆபரேட்டர் 2-இன் லெவல் 65 பக்கம், உடல் போல மென்மையாக. இரண்டாவது ஜோடியில் ஆபரேட்டர் 3 ரேஷியோ 1.00, லெவல் 85. ஆபரேட்டர் 4 ரேஷியோ 14.00, லெவல் 60 பக்கம், டிகே 1 ரேட் 16, டிகே 1 லெவல் 0. இந்த 14 தான் தட்டும்போது வரும் "டிங்". கேரியர்கள் 1, 3 இரண்டுக்கும் டிகே 1 ரேட் 9, டிகே 1 லெவல் 13, டிகே 2 ரேட் 5, ரிலீஸ் 7. கடைசியாக டீட்யூன் (சுருதியை லேசாக விலக்குவது), ஆபரேட்டர் 1-க்கு +2, 3-க்கு -2. இரண்டு கேரியரும் லேசாக விலகி நின்று அலையும், ஒலி அகலமாகும். என் எண்களை அப்படியே நம்ப வேண்டாம், கேட்டுக் கேட்டு மாற்றுங்கள்.

எது எந்த வேலை செய்கிறது என்று சந்தேகம் வந்தால், எடிட் நிலையில் ஆபரேட்டர்களைத் தனித்தனியாக அணைத்துப் பார்க்கும் பட்டன்கள் உண்டு, திரையில் 1-களும் 0-களுமாகத் தெரியும். 4-ஐ அணைத்ததும் அந்த "டிங்" மறைவதைக் கேளுங்கள்.

வெண்கல மணி வேண்டுமா? ஆபரேட்டர் 2, 4 இரண்டையும் 3.46 ஆக்கி, எல்லா டிகே ரேட்டையும் ரிலீஸையும் சின்ன எண்களாக்குங்கள். கோயில் மணி மாதிரி நீளமாக நின்று அடங்கும்.

படி 6: சேமித்தல்

ஃபங்ஷனில் மெமரி ப்ரொடெக்டை முதலில் அணைக்க வேண்டும், அப்புறம் ஸ்டோர் பட்டனைப் பிடித்துக்கொண்டு 1 முதல் 24 வரை ஒரு எண். சேமிக்காமல் வேறு ஒலிக்குத் தாவிவிட்டால் உடனே எதையும் திருத்தாமல் ஃபங்ஷனில் எடிட் ரீகால் போடுங்கள், திரும்பி வந்துவிடும். இரண்டு முறை என் பேஸைக் காப்பாற்றியது அது.

அந்தக் காலத்தில் கேசட்டில் பதிந்து வைத்தார்கள். இன்று யுஎஸ்பி மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) கேபிள் ஒன்று போதும், ஃபங்ஷனில் சிஸ் இன்ஃபோவை ஆன் செய்து கணினிக்கு மொத்தமாக அனுப்பிவிடலாம். பாட்டரி எப்போது சாகும் என்று தெரியாது, மாதம் ஒரு முறை அனுப்பி வையுங்கள்.

படி 7: இதன் குறைகளோடு வாழ்வது

கட்டைகள் நீங்கள் மென்மையாக அழுத்தினீர்களா ஓங்கி அழுத்தினீர்களா என்பதை உணராது. ஆனால் உள்ளே இருக்கும் சிப் உணரும். வேறொரு மிடி கீபோர்டை இணைத்து, மாடுலேட்டர்களின் கீ வெலாசிட்டியை (அழுத்தும் வேகத்துக்கு எவ்வளவு இணங்க வேண்டும் என்பது) 3 அல்லது 4 வைத்து அந்தப் பியானோவை வாசித்துப் பாருங்கள், ஓங்கித் தட்டினால் பளிச்சென்றும் தடவினால் இருட்டாகவும் பேசும். இன்னொன்று, வெளிவருவது ஸ்டீரியோ இல்லை, ஒற்றைத் தடம்தான், எஃபெக்ட் எதுவும் கிடையாது. கோரஸும் (ஒலியைத் தடிப்பாக்குவது) கொஞ்சம் ரிவெர்பும் (அறை எதிரொலி) வெளியே சேர்த்தால் வேறு கருவி போல விரியும்.

டிஎக்ஸ்100 கிடைக்காதவர்கள் கணினியில் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில் பழகலாம், அது டிஎக்ஸ்7 வகை. புதிய கருவிதான் வேண்டுமென்றால் 2015-இல் வந்த யமஹா ரீஃபேஸ் டிஎக்ஸ், இதே நான்கு ஆபரேட்டர், 37 கட்டை, எஃபெக்ட்டும் ஸ்பீக்கரும் உள்ளேயே உண்டு. ரேஷியோ, லெவல், என்வலப் என்ற அடிப்படை எங்கும் ஒன்றுதான், அவற்றை அமைக்கும் எண்கள் மாறும்.

இந்தப் படிகள் முடிந்த பிறகு அல்காரிதம் 1-க்குப் போய், நான்கும் ஒன்றை ஒன்று அசைக்கும் வரிசையில் ஆபரேட்டர் 4-இன் ஃபீட்பேக்கை (அது தன்னையே அசைப்பது) 7 வரை ஏற்றிப் பாருங்கள். ஹெட்போன் சத்தத்தை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள்.