குதிரையின் கால் தசைநாண் காயம்: முதல் நாளிலிருந்து மறுபடி ஓடும்வரை

குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்ல எதுவும் இல்லை. எலும்பு, அதன் பின்னால் இறங்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற நார்கள்), மேலே தோல். பாய்ச்சலில் போகும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒரு கணம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்தப் பாரத்தில் அதிகம் கிழிவது தோலை ஒட்டி ஓடும் வெளித் தசைநாண்தான். ரத்த ஓட்டம் குறைவான உறுப்பு என்பதால் அது ஆறுவதும் மெதுவாகத்தான்.

ஆறும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காயத்தில் முதலில் உருவாவது மூன்றாம் வகை கொலாஜன் என்ற நார்ப்புரதம். மெல்லிய இழை, குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அது வலுவான முதல் வகையாக மாறிக் காலின் நீளவாக்கில் அடுக்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அப்படி அடுக்கவைப்பது அளவான நடை. நடையே இல்லாவிட்டால் தழும்பு தாறுமாறாக இறுகிவிடும், மிஞ்சினால் புது இழை அறுந்துவிடும். நொண்டல் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடலாம், ஆனால் தசைநாண் தேற 9 முதல் 12 மாதம் ஆகும். ‘கால் நல்லாத்தானே இருக்கு’ என்று நடுவில் அவிழ்த்துவிடுவதால்தான் பல குதிரைகளுக்கு அதே இடம் மறுபடி கிழிகிறது.

படி 1: கையால் தடவிப் பாருங்கள்

வேலைக்கு எடுப்பதற்கு முன், காலையில் பாருங்கள். ஓடி வந்த பிறகு எல்லாக் காலும் சூடாகத்தான் இருக்கும். முதலில் குதிரை நின்றபடி இருக்க, உள்ளங்கையை முழங்காலுக்குக் கீழிருந்து குளம்புக்கு மேல் உள்ள மூட்டுவரை மெல்ல இறக்குங்கள். பிறகு காலைத் தூக்கி, முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தசைநாணைப் பிடித்து மேலிருந்து கீழே ஒவ்வொரு சென்டிமீட்டராக அழுத்துங்கள். நலமாக இருக்கும் தசைநாணின் ஓரம் கூர்மையாகத் தெரியும், உள் தசைநாணிலிருந்து தனியாக விலகும். அடிபட்ட இடம் உருண்டு, கொஞ்சம் குழைந்து, வெதுவெதுப்பாக இருக்கும். அந்த இடம் வந்ததும் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். அடுத்த காலையும் இதேபோல் அழுத்திப் பார்த்து ஒப்பிடுங்கள். இயல்பாகவே காலை இழுத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் காலின் பின்கோடு நேராக இறங்காமல் வில்போல் வளைந்து தெரிந்தால் காயம் பெரியது. நொண்டல் இல்லை என்பதை வைத்துக் காயம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிறிய கிழிசலில் குதிரை நொண்டாமலே நடக்கும்.

படி 2: வேலையை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்

சந்தேகம் வந்த நிமிடமே வேலையை நிறுத்த வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம். குதிரையை நடத்திக் கூட்டிப்போகாமல் மருத்துவர் வரும்வரை நின்ற இடத்திலேயே வைத்திருங்கள்:

- காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது
- ஊன்றும்போது குளம்புக்கு மேல் உள்ள மூட்டு தரையை நோக்கித் தாழ்கிறது
- குளம்பின் முன்நுனி தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்கிறது
- தசைநாண் மேலே வெட்டுக்காயமோ குத்துக்காயமோ இருக்கிறது, எவ்வளவு சிறியதானாலும் சரி

கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் கிருமி புகுந்தால் குதிரையின் உயிருக்கே ஆபத்து.

படி 3: முதல் 3 நாள், குளிர்ச்சியும் கட்டும்

முதல் 48 முதல் 72 மணி நேரத்தில் வீக்கத்தை அடக்குவதுதான் வேலை. ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளைக்கு 3 அல்லது 4 தடவை குளிர்ச்சி கொடுங்கள். முழங்கால்வரை ஐஸ் தண்ணீர் நிற்கும் உயரமான பூட்ஸோ வாளியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து விடலாம். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள், நடுவில் ஈரத்துணி இருக்கட்டும். முடிந்ததும் காலை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் கட்டுப் போட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும்.

கட்டுப் போடுவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். முதலில் பஞ்சுப் பட்டையைச் சுருக்கமில்லாமல் 2 முதல் 3 சென்டிமீட்டர் கனம் வரும்படி சுற்றுங்கள். அதன் மேல் பேண்டேஜ். முன்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போய், பின்னால் தசைநாணைத் தாண்டி உள்பக்கம் வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடது கால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, வலது கால் கடிகாரத் திசை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். இழுக்கும்போது எலும்பு இருக்கும் முன்பக்கத்தில் அழுத்தம் விழ வேண்டும், பின்னால் தசைநாணைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓரளவு பஞ்சு வெளியே தெரிய வேண்டும், விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். பஞ்சு மெலிந்து கட்டு இறுகினால் கட்டே தசைநாணைக் காயப்படுத்தும். கட்டை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுங்கள். பாரம் தாங்கும் எதிர்க் காலுக்கும் இதே கட்டு வேண்டும்.

வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் கொடுங்கள். மருந்தின் பிடியில் இருக்கும் குதிரை துள்ளும், துள்ளினால் கிழிசல் பெரிதாகும். சூட்டுக்கோல் வைப்பதும் எரிச்சல் தைலம் தேய்ப்பதும் பழைய வழக்கங்கள். தசைநாணை அவை ஆற்றுவதில்லை, குதிரைக்கு வேதனைதான் மிச்சம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 4: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்

காயம் முதல் சில நாட்களுக்கு உள்ளுக்குள் வளரும். முதல் நாளே எடுத்த ஸ்கேனில் சின்னதாகத் தெரிந்தது ஒரு வாரத்தில் பெரிதாகத் தெரியலாம். ஆகவே சுமார் ஒரு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். ஆரோக்கியமான இழை வெளிறித் தெரியும், கிழிந்த இடம் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். எத்தனை சதவீதம் கிழிந்திருக்கிறது, எவ்வளவு நீளம், முழங்காலுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட இவை வேண்டும். தட்டணு ஊசி (ரத்தத் தட்டணுக்களைச் செலுத்துவது), குருத்தணு ஊசி (ஸ்டெம் செல் செலுத்துவது) போன்றவற்றைப் பற்றி மருத்துவர் பேசினால் இந்தக் கட்டத்தில்தான் பேசுவார். எந்த ஊசி போட்டாலும் அடுத்து வரும் நடைப்பயிற்சியைத் தவிர்க்க முடியாது.

படி 5: லாய ஓய்வும் தீனியும்

நிற்கும் குதிரைக்கு ஓடும் குதிரையின் தீனி ஆகாது. தானியத்தை உடனே குறைத்துவிட்டு உலர்புல்லை முக்கிய உணவாக்குங்கள். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் போதும், அதாவது 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு சுமார் 7 முதல் 9 கிலோ. அதை நாலைந்து வேளையாகப் பிரித்து, சிறு கண் வலையில் போட்டால் மெதுவாக மென்று பொழுதைக் கழிக்கும். தானியம் குறையாவிட்டால் தெம்பு ஏறி, வெளியே எடுத்ததும் பின்னங்காலில் எழும்பும்.

அசையாமல் நிற்கும் குதிரைக்கு வயிற்றுவலி வர வாய்ப்பு அதிகம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், தினமும் லத்தியைக் கவனியுங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, உருண்டை சிறுத்துக் காய்ந்து விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். படுக்கையைத் தடிமனாகப் போடுங்கள். எதிர்க் காலின் குளம்பு சூடாகி, நாடி படபடவென்று அடித்தால் குளம்பு அழற்சி தொடங்குவதாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 6: கையில் பிடித்து நடத்துவது

நடுத்தரக் காயத்துக்குப் பரவலாகப் பின்பற்றும் அட்டவணை இது. உங்கள் குதிரைக்கான எண்ணை மருத்துவர் மாற்றலாம்.

- 1, 2ஆம் வாரம்: லாயத்தில் ஓய்வு
- 3ஆம் வாரம்: தினமும் 10 நிமிட நடை
- 4 முதல் 10ஆம் வாரம்வரை: வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 45 நிமிடம் ஆக்குங்கள்
- 11, 12ஆம் வாரம்: அதே 45 நிமிடம், கடைசியில் மறு ஸ்கேன்

கெட்டியான, சமமான தரையில், நேர்கோட்டில் நடத்துங்கள். ஆழமான மணலில் கால் புதைந்து தசைநாண் அதிகமாக இழுபடும். சின்ன வட்டத்தில் சுற்றினால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும். கையுறையும் தலைக்கவசமும் அணிந்து, நீளமான கயிற்றோடு நில்லுங்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பல நாள் அடைபட்ட குதிரை முதல் நாள் துள்ளத்தான் செய்யும். அடங்காவிட்டால் லேசான மயக்கமருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஒரே ஒரு துள்ளல் 2 மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

நேரத்தைக் கூட்டிய மறுநாள் காலையில், முதல் படியில் சொன்னபடி காலைத் தடவுங்கள். தையல்காரர் நாடாவால் கால் சுற்றளவையும் ஒரே இடத்தில் அளந்து குறியுங்கள். முழங்காலின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே என்று வைத்துக்கொண்டால் இடம் மாறாது. சூடோ தடிப்போ கூடியிருந்தால் நடையை நிறுத்தி மருத்துவரிடம் பேசுங்கள். அவர் சொன்னதும் முந்தைய வாரத்தின் நேரத்திலிருந்து தொடங்கலாம்.

படி 7: டிராட், பிறகு கேன்டர்

12ஆம் வார ஸ்கேனில் கறுப்பு ஓட்டை சுருங்கியிருந்தால்தான் டிராட், அதாவது மெதுவான ஓட்டம். 13 முதல் 16ஆம் வாரம்வரை 40 நிமிட நடையோடு 5 நிமிட டிராட், அதுவும் ஒரே மூச்சாக இல்லாமல் 1 நிமிடத் துண்டுகளாக. பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் நடையைக் குறைத்து 5 நிமிடம் டிராட்டைக் கூட்டுங்கள். 24ஆம் வார முடிவில் 30 நிமிட நடை, 15 நிமிட டிராட் என்று இருக்கும். அப்போது இன்னொரு ஸ்கேன்.

இதே வரிசையில் 32ஆம் வாரம்வரை போய், ஸ்கேன் பார்த்த பிறகே கேன்டர், அதாவது டிராட்டைவிட வேகமான, பாய்ச்சலுக்கு ஒரு படி குறைந்த ஓட்டம். முதலில் நேர்ப்பாதையில் ஒன்றிரண்டு நிமிடம். பாய்ச்சலும் தாண்டலும் இழைகள் நீளவாக்கில் படிந்திருப்பதை ஸ்கேன் காட்டிய பிறகுதான். களைத்த தசை மூட்டைத் தாங்காமல் தசைநாணின் மேல் பாரத்தைத் தள்ளிவிடும். எனவே களைப்பு தெரியும் முன்பே நிறுத்திப் பழகுங்கள்.

குளம்பும் லாடமும்

4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்ய வேண்டும். முன்நுனி நீண்டு குதி தாழ்ந்தால் தசைநாண் கூடுதலாக இழுபடும். குதியை உயர்த்தினால் எல்லாத் தசைநாணும் தளரும் என்று ஆப்புலாடம் (குதிப்பக்கம் தடித்த லாடம்) போடச் சொல்வார்கள். தளர்வது உள் தசைநாண்தான். வெளித் தசைநாணுக்கு அது உதவாது, பாரம் கூடவும் செய்யலாம். எது கிழிந்தது என்று தெரியாமல் ஆப்பு வைக்க வேண்டாம்.

வெளியே விடுவது

புல்வெளியில் சுதந்திரமாக விடுவதைக் கடைசியில் வையுங்கள். குதிரை கேன்டரை அமைதியாகச் செய்யும் நிலைக்கு வந்த பிறகு, லாயத்தைவிடச் சற்றுப் பெரிய அடைப்பில், நடைப்பயிற்சி முடிந்து தெம்பு அடங்கிய நேரத்தில், சாதுவான ஒரு துணைக் குதிரை பக்கத்து அடைப்பில் தெரியும்படி விடுங்கள். முதல் நாள் 15 நிமிடம் போதும். மறுநாள் காலையில் நாடாவின் அளவு மாறாமல் இருந்தால் நேரத்தைக் கூட்டலாம்.