முதல் ஃபிஷ் ஃபைண்டர்: மீன் படத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோ ஏரி. அதன் தெற்கு மூலையில் இருக்கிற குக்ஸ் குடாவில்தான், தண்ணீருக்குள் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டுகிற ஃபிஷ் ஃபைண்டர் மெஷினை வாங்கிய முதல் கோடையில், திரையில் வரிசையாக ஓடிய குட்டி மீன் படங்களை நம்பி மூன்று மணித்தியாலம் தூண்டில் போட்டேன். ஒன்றும் கடிக்கவில்லை, இழுக்கும்போதெல்லாம் முள்ளில் சாதாளைதான் வந்தது. மீன் என்று மெஷின் காட்டியதில் பாதிக்கு மேல் அந்தச் சாதாளைதான் என்று பிறகுதான் விளங்கியது.

மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பலமாகத் திரும்பி வருகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். 20 பாகை செல்சியஸ் நன்னீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,480 மீற்றர் போகும், அந்தக் கணக்கில் ஆழம் சரியாக வந்துவிடும். மீனின் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பை நல்ல எதிரொலி தரும். ஆனால் செடியில் ஒட்டியிருக்கிற காற்றுக்குமிழும் அதே மாதிரித்தான் தரும். இரண்டில் எது என்று மெஷின் ஊகித்துப் போடுகிற பொம்மைதான் அந்த மீன் படம்.

சரி, எதை வாங்குவது?

முதலில் எங்கே நின்று மீன் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். கரையிலோ இறங்குதுறையிலோ நிற்பவர் என்றால் தூண்டிலோடு சேர்த்து எறிகிற பந்து மாதிரியான வகை போதும். அது மிதந்துகொண்டே வைஃபை வழியாக உங்கள் போனுக்குப் படம் அனுப்பும். மெதுவாகச் சுற்றி இழுக்க வேண்டும், வேகமாக இழுத்தால் படம் துண்டு துண்டாகிவிடும். வெயிலில் போன் திரையைப் பார்ப்பது ஒரு தண்டனை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வள்ளம், கயாக் என்று போகிறவர்களுக்குத் தனித் திரை உள்ளதுதான் சரி. மூன்றரை, நான்கு அங்குலத் திரை தொடக்கத்துக்குத் தாராளம். நான் வைத்திருப்பது கார்மின் ஸ்ட்ரைக்கர் 4. வரைபடம் கிடையாது, ஆனால் ஜிபிஎஸ் இருக்கிறது, மீன் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து அடுத்த கிழமை அதே இடத்துக்குப் போகலாம். எந்தக் கொம்பனி என்றாலும் இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒன்று ஜிபிஎஸ், மற்றது சேர்ப் (CHIRP) என்கிற வகை சோனார், அதாவது ஒலியை அனுப்பிக் கேட்கிற முறை. ஒரே அலைவரிசையில் கத்தாமல் கீழிருந்து மேலாக ஒரு வீச்சாகக் கத்துவதால், மேலும் கீழுமாக நெருங்கி நிற்கிற இரண்டு மீனையும் தனித்தனியாகக் காட்டும். பெட்டியில் 1,600 அடி ஆழம் பார்க்கும் என்று போட்டிருந்தால் மயங்கவேண்டாம், சிம்கோவின் மிக ஆழமான இடமே ஏறக்குறைய 41 மீற்றர், 135 அடி.

ஸ்கூகொக் ஏரிக்கு மட்டும்தான் போவீர்கள் என்றால் வாங்குவதற்கு முன் இன்னொருமுறை யோசியுங்கள். அதன் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. ஒலி கூம்பு மாதிரி விரிந்துதான் கீழே போகும். 20 பாகைக் கூம்பு என்றால் அடியில் அது பார்க்கிற வட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான், ஐந்தடித் தண்ணீரில் ஒரு கார் ரயர் அளவு. அதற்குள் மீன் வந்து நிற்குமா? வள்ளத்தின் நிழலைக் கண்டே ஓடிவிடும். 30 அடி ஆழத்தில் அதே கூம்பு 10 அடி அகலம் பார்க்கும், அங்கேதான் கொடுத்த காசுக்குப் பயன்.

பொருத்துவது

ட்ரான்ஸ்டியூசர் என்கிற அந்தக் கறுப்புக் கட்டிதான் மெஷினின் காது. தண்ணீரில் நுரை இல்லாத இடத்தில், ப்ரொபெல்லருக்குத் தள்ளி, அடிப்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். சொந்த வள்ளத்தின் பின்பலகையில் பூட்டுகிறீர்கள் என்றால் அடித்தளத்துக்குக் கீழே மட்டுமட்டாகத் தெரியும்படி வையுங்கள், என் மெஷினின் கையேடு ஃபைபர்கிளாஸுக்கு 3 மில்லிமீற்றர், அலுமினியத்துக்கு 10 மில்லிமீற்றர் என்கிறது. வாடகை வள்ளத்தில் துளை போட முடியாதே, அதற்கு ஒரு பிவிசி குழாயின் நுனியில் கட்டியைப் பூட்டி, குழாயை வள்ளத்தின் ஓரத்தில் ஒரு கிளாம்பால் இறுக்கிவிட்டால் போதும். ஓடும்போது குழாயை மேலே தூக்க மறக்காதீர்கள், நான் ஒருமுறை மறந்து வயரோடு சேர்த்து இழந்திருப்பேன்.

பற்றரி 12 வோல்ட், 7 அம்பியர்-மணி போதும். சின்ன மெஷின் அரை அம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தாலும் ஒரு பகல் ஓடும். ஃபியூஸ் இல்லாமல் வயரை நேரே கொடுக்கவேண்டாம்.

செட் பண்ணுவது

முதலில் டெமோ நிலையை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆன் பண்ணியபோது 40 அடி ஆழமும் இரண்டு பெரிய மீனும் காட்டியது, மனைவி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்தது மீன் படத்தையும் மீன் அலாரத்தையும் அணைப்பது. ஆழ எல்லையை ஆட்டோவிலேயே விடுங்கள். படம் நகரும் வேகத்தைக் கூட்டி வையுங்கள். நொய்ஸ் குறைக்கிற வசதியை எவ்வளவு குறைவாக வைக்கலாமோ அவ்வளவு குறைவாக வையுங்கள், இல்லாவிட்டால் சின்ன மீனையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

உணர்திறன், அதாவது எவ்வளவு மெல்லிய எதிரொலி வரை திரையில் காட்டவேண்டும் என்பதுதான் முக்கியமான வேலை, இதற்கு மட்டும் அரை மணித்தியாலம் ஒதுக்கலாம். காற்றில்லாத நாளில், 20 அல்லது 25 அடித் தண்ணீரில் நங்கூரம் போட்டு, குறுகிய கூம்புக்கு, அதாவது 200 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தங்கூசியில் ஒரு ஈயக்குண்டைக் கட்டி ட்ரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே மெதுவாக இறக்குங்கள். திரையில் சரிவாக ஒரு கோடு இறங்கவேண்டும். தெரியவில்லை என்றால் உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வந்தால் இரண்டு படி குறையுங்கள். குண்டை மேலே தூக்க, கோடும் மேலே ஏறினால் மெஷின் சரி, அந்த எண்ணை எழுதி வையுங்கள். நடுக்கோடையில் இந்த அளவில் விட்டால், மேல் சூட்டுத்தண்ணீரும் கீழ்க் குளிர்தண்ணீரும் சந்திக்கிற இடம் ஆழமான பகுதிகளில் புகை மாதிரி ஒரு பட்டையாகத் தெரியலாம். அதைப் பழுது என்று நினைத்துத் துடைக்கப் பார்க்காதீர்கள்.

திரையை வாசிப்பது

வலது ஓரம்தான் இப்போது, மற்றதெல்லாம் பழங்கதை. நடுத்திரையில் மீன் தெரிந்து நீங்கள் தூண்டிலை இறக்கும்போது வள்ளம் அந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கும். அடித்தளக் கோடு தடித்துப் பிரகாசமாக இருந்தால் கல் அல்லது கடினமான மணல், மெல்லியதாக மங்கினால் சேறு. வள்ளம் ஓடும்போது மீன் வில் போல வளையும், ஏனென்றால் கூம்பின் ஓரத்தில் அது தூரம், நடுவில் கிட்ட. வள்ளமும் நின்று மீனும் நின்றால் வில் வராது, நீண்ட கோடுதான் வரும், அதைக் கம்பு என்று நினைத்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

குளிர்காலத்தில் ஐஸில் துளை போட்டுப் பிடிக்கப் போகும்போதும் இதே மெஷின்தான், கட்டியை மட்டும் துளைக்குள் தொங்கவிடுவேன். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் தூண்டில் ஒரு நேர்கோடாக நிற்கும். அடியிலிருந்து இன்னொரு கோடு மெல்லக் கிளம்பி அதை நோக்கி ஏறிவருகிறதா, கையை ஆட்டாமல் பிடியுங்கள், பேர்ச் மீன் ஒன்று வருகிறது.