பழைய பான்ஜோவைச் சரிசெய்ய: முதலில் எஃகுத் தந்தியைக் கழற்றுங்கள்

1890-களில் ஃபிலடெல்ஃபியாவில் எஸ். எஸ். ஸ்டூவர்ட் செய்து விற்ற பான்ஜோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியம்) ஒன்று உங்கள் கைக்கு வந்து, அதில் யாரோ எஃகுத் தந்தி கட்டியிருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைத் தளர்த்திக் கழற்றிவிடுங்கள். அவை விலங்குக் குடலில் திரித்த தந்திக்காகச் செய்த வாத்தியங்கள், கழுத்துக்குள் இரும்புத் தண்டு கிடையாது. எஃகின் இழுப்பில் கழுத்து மெல்ல வில்லாக வளைந்துவிடும். பழைய பான்ஜோக்கள் பல வீணாவது இப்படித்தான்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். தோலை இறுக்கிப் பிடிக்கும் கொக்கிகளையும் நட்டுகளையும் இருந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். துருவுக்கு மிக நைசான எஃகுப் பஞ்சும் ஒரு சொட்டு எண்ணெயும் போதும். பளபளப்பாக்கப் போனால் மெல்லிய நிக்கல் பூச்சே போய்விடும்.

கழுத்திலிருந்து, தோல் போர்த்தும் வட்டச் சட்டமான வளையத்துக்குள் போகும் கட்டை ஆடுகிறதா? பழைய பசையை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, நம் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையையே போடுங்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விடும், நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடியும்.

இனி தோல். இதில்தான் பொறுமை வேண்டும். வளையத்தின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள், ஏனென்றால் பழைய வளையங்கள் பல இன்றைய 11 அங்குலத்துக்குச் சரியாக வராது, கொஞ்சம் நீள்வட்டமாகவும் ஆகியிருக்கும், பிளாஸ்டிக் தோல் உட்காராது. கன்றுக்குட்டித் தோல் எதற்கும் வளைந்து கொடுக்கும். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துணி போல ஆனதும் வளையத்தின் மேல் விரித்து, கம்பி வளையத்தை வைத்து, ஓரத்தை அதைச் சுற்றி மேலே மடித்து, இறுக்கும் வளையத்தைப் போட்டுக் கொக்கிகளைக் கைவிரலால் மட்டும் முறுக்குங்கள். சுருக்கம் இருந்தால் ஓரத்தை இழுத்து நீவுங்கள். இறுக்கும் வளையம் தோலின் மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர் உயரமாகவே நிற்கட்டும். ஈரத்தோலை முறுக்கி இறுக்கவே கூடாது, காயும்போது சுருங்கித் தானே இறுகும், இடமில்லாவிட்டால் கிழியும். வெயிலில் வைக்காமல் நிழலில் இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் எதிரெதிர் கொக்கிகளாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கி, மிச்ச ஓரத்தை பிளேடால் வெட்டுங்கள்.

நைலான் தந்தி கட்டி, தலைப்பக்கத் தந்திப்பட்டையிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை எவ்வளவோ அதே தூரத்தில் அதற்கப்பால், தந்திகளைத் தோலின் மேல் தாங்கும் பிரிட்ஜை நிறுத்துங்கள். மழைநாளில் தோல் தளர்ந்து ஒலி மந்தமானால் பயப்படாதீர்கள், கொக்கிகளை இன்னும் கால் சுற்று முறுக்கினால் போதும், ஆனால் வறண்ட நாள் வந்ததும் அதைத் திரும்பத் தளர்த்திவிடுங்கள்.