வான்ட், விஷ், ஹோப்: எதை எங்கே சொல்வது?

தமிழில் 'வேண்டும்' என்ற ஒரு சொல்லை வைத்தே தேவை, ஆசை, கோரிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம், அதனால் ஆங்கிலத்திலும் எல்லா இடத்திலும் 'வான்ட்' என்றே வாயில் வருகிறது. கடையிலோ அலுவலகத்திலோ 'ஐ வான்ட் எ காஃபி' என்றால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கேட்பவருக்கு அதட்டுவது போல இருக்கலாம். 'ஐ வுட் லைக் எ காஃபி' என்று சொல்லிப் பழகுங்கள், அதே காபிதான், மரியாதை கூடிவிடும்.

நம்மில் பலர் தடுமாறுவது விஷ், ஹோப் இரண்டிலும்தான். நடக்க வாய்ப்பிருப்பதற்கு ஹோப்: 'ஐ ஹோப் யூ கெட் த ஜாப்', உங்களுக்கு வேலை கிடைக்கும் என்று நம்புகிறேன். இப்போது இல்லாத ஒன்றை நினைத்து ஏங்கினால் விஷ், கூடவே வினை இறந்தகாலத்துக்கு மாறும்: 'ஐ விஷ் ஐ நியூ ஹிந்தி' என்றால் எனக்கு ஹிந்தி தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அர்த்தம். இங்கே 'நியூ' (knew) என்பதற்குப் பதில் 'நோ' (know) என்று நிகழ்காலத்தில் சொன்னால் தப்பு. ஆனால் வாழ்த்தும்போது இந்தச் சிக்கலே கிடையாது, 'ஐ விஷ் யூ சக்ஸஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், 'க்ரேவ்' என்பது நாக்கு ஊறுகிற மாதிரியான தீராத ஆசை, பெரும்பாலும் தின்பண்டத்துக்கு வரும். வெளியூரில் இருந்துகொண்டு வீட்டை நினைத்து ஏங்குவதற்கு 'லாங் ஃபார்' பொருந்தும். 'டிசையர்' சற்று கனமான சொல், காம இச்சையையும் குறிக்கும், அதனால் லீவு கேட்கும் கடிதத்தில் அதை எழுதாதீர்கள்.