மோனோ காய்ச்சல்: ரத்தப் பரிசோதனைத் தாளைத் தவறாகப் படிக்காதீர்கள்

விடாத காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டு, எழுந்து உட்காரக்கூட முடியாத அசதி. கல்லூரி வயதுப் பிள்ளைக்கு இவை சேர்ந்து வந்தால், மருத்துவர் இன்ஃபெக்சியஸ் மோனோநியூக்ளியோசிஸாக, சுருக்கமாக மோனோவாக, இருக்குமோ என்று சந்தேகித்து, அதைப் பெரும்பாலும் உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ஆன்டிபாடி பரிசோதனையை எழுதித் தருவார். ஆய்வகத்திலிருந்து வரும் தாளில் மூன்று நான்கு வரிகள்தான் இருக்கும். ஆனால் அந்த வரிகளைப் படிப்பதில் நடக்கும் தவறுகள் ஏராளம்.

தாளில் விசிஏ, இஏ, எப்னா என்ற பெயர்கள் இருக்கும். மூன்றும் வைரஸின் ஆன்டிஜென்கள், அதாவது நம் உடல் அந்நியமென்று அடையாளம் காணும் புரதங்கள். விசிஏ வைரஸின் ஓட்டைச் சேர்ந்தது. இஏ, வைரஸ் பெருகத் தொடங்கும்போது உருவாவது. எப்னா, வைரஸ் குடிகொண்ட உயிரணுவின் உட்கருவில் இருப்பது. இந்தப் பெயர்களுக்கு நேரே பாசிட்டிவ் என்று இருந்தால் ரத்தத்தில் வைரஸே அகப்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கோவிட் காலத்து ஆன்டிஜென் பரிசோதனை மூக்குச் சளியில் வைரஸின் புரதத்தையே தேடியது. இங்கே அளக்கப்படுவது, அந்த ஆன்டிஜென்களை எதிர்த்து நம் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகள். தாளில் வரும் ஐஜிஎம், ஐஜிஜி என்பவை அவற்றின் இரு வகைகள்: முன்னது தொற்றின் தொடக்கத்தில் வந்து மறைவது, பின்னது நீடித்து நிற்பது.

எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கும் தவறு, ‘விசிஏ ஐஜிஜி பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரியைக் கண்டு பதறுவது. உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதில், சாதாரணச் சளிக்காய்ச்சல்போல வந்து போயிருக்கும். அதன் தடமாக ஐஜிஜி ஆயுள் முழுதும் ரத்தத்தில் நிற்கும். எனவே அந்த வரி மட்டும் இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் சொல்லாது. அதன் எண் உயர்ந்திருப்பதாலும் நோய் கடுமையானது என்று ஆகிவிடாது.

உண்மையில் துப்புக் கொடுப்பது, பலரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் நெகட்டிவ் வரி. எப்னா ஆன்டிபாடி நோய் தொடங்கி 2 முதல் 4 மாதம் கழித்தே தலைகாட்டும். விசிஏ ஐஜிஎம் நோயின் தொடக்கத்திலேயே தோன்றி, பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் மறையும். ஆகவே ஐஜிஎம் பாசிட்டிவ், எப்னா நெகட்டிவ் என்றால் புதிய தொற்று. விசிஏ ஐஜிஜி, எப்னா இரண்டும் இருந்து ஐஜிஎம் இல்லை என்றால் பழைய கதை. எதுவுமே இல்லை என்றால் இதுவரை இந்த வைரஸ் தொற்றவில்லை. 5 முதல் 10 சதவீதம் பேருக்கு எப்னா ஆன்டிபாடி உருவாவதே இல்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள். தேதி தெரியாமல் இந்தத் தாளைப் படிக்கவே முடியாது.

மோனோஸ்பாட் என்ற விரைவுப் பரிசோதனை வேறு வகை. நோயாளியின் ரத்தநீர் ஆட்டின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1932இல் பால், பன்னல் இருவரும் கண்டறிந்தார்கள். அதன் வழிவந்ததே இது; குதிரையின் அணுக்களைப் பயன்படுத்துகிறது. வைரஸுக்கான ஆன்டிபாடியை இது தேடுவதில்லை. முதல் வாரத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பொய்யாக நெகட்டிவ் காட்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் பிடிபடாது. நெகட்டிவ் வந்ததும் மோனோ இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சைட்டோமெகலோ வைரஸ் போன்ற வேறு தொற்றுகளிலும் அது தவறாகப் பாசிட்டிவ் ஆகலாம். முக்கியமாக, எச்ஐவி தொற்றின் முதல் வாரங்கள் அச்சு அசலாக மோனோபோலவே இருக்கலாம். மருத்துவர் அந்தப் பரிசோதனையையும் கேட்டால் கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள். அப்போது ஆன்டிபாடி மட்டும் பார்ப்பது போதாது. எச்ஐவியின் பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை வேண்டும்.

முடிவு வருமுன் தொண்டை வலிக்கு வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை விழுங்குவதும் தவறு. மோனோ இருப்பவர்களுக்கு அதனால் உடலெங்கும் தடிப்பு வரலாம். பிறகு ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்ற முத்திரை காலமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரல் வீங்கியிருக்கலாம் என்பதால் கபடியும் கால்பந்தும் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டாம். இடது மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காக அசதியோடு அலைபவர்களிடம், இஏ பாசிட்டிவ் என்ற வரியைக் காட்டி, வைரஸ் மறுபடி கிளம்பிவிட்டது என்று சொல்லி மருந்து விற்கிறார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களில் 20 சதவீதம் பேருக்கு அந்த ஆன்டிபாடி பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, உறக்கக் குறை, மன அழுத்தம் என்று தேட வேண்டிய காரணங்கள் காத்திருக்கின்றன. குணமானபின் ஐஜிஜி நெகட்டிவ் ஆகிவிட்டதா என்று மாதாமாதம் ரத்தம் கொடுப்பதும் அப்படிப்பட்ட வீண் செலவுதான். அது நெகட்டிவ் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை.