பழைய ஆர்கேட் மெசின் மலிவாகக் கிடைத்தால்: வாங்குமுன் பலர் விடும் பிழைகள்

போன மாதம் மருமகன் ஃபோனில் நாலைந்து படம் அனுப்பினான். கல்முனைப் பக்கம் ஒரு கடையின் பின்கட்டில் மூன்று ஆர்கேட் மெசின்கள், அதாவது காசு போட்டு வீடியோ கேம் விளையாடும் பெரிய பெட்டிகள். "மாமா, சரியான மலிவு. சின்னப் பிழைதானாம். பாசிக்குடா கெஸ்ட் ஹவுஸுக்கு எடுப்பமா?" என்று கேட்டான். போய்ப் பார்த்தோம், ஒன்றை மட்டும் எடுத்தோம். மற்ற இரண்டையும் விட்ட காரணத்தைச் சொன்னால் வேறு யாருக்காவது காசு மிஞ்சும்.

"சின்னப் பிழைதான்" என்ற சொல்லை நம்பி விலை பேசுவதுதான் முதல் தவறு. சின்னப் பிழை என்றால் விற்பவரே திருத்திவிட்டு இரண்டு மடங்கு கேட்டிருப்பார். அதேநேரம், பெரிதாகத் தெரியும் பிழை சிலவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். கேம் தொடங்கிச் சற்று நேரத்தில் தானாக நின்று மறுபடி தொடங்கினால் "போர்ட் போய்விட்டது" என்பார்கள், கேமை ஓட்டும் மின்சுற்றுப் பலகையைத்தான் போர்ட் என்பது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். போர்டுக்கு 5 வோல்ட் போக வேண்டும். 4.7 என்று காட்டினால் நல்ல போர்டும் அப்படித்தான் நின்று நின்று ஓடும். பவர் சப்ளையில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் கூட்டினாலோ, கனெக்டரின் கறுத்த முனைகளைத் துடைத்தாலோ பலமுறை சரியாகிவிடும். நாங்கள் எடுத்த மெசினில் இருந்த குறை இதுதான்.

பட்டன், ஜாய்ஸ்டிக், மைக்ரோ சுவிட்ச், ஸ்பீக்கர் இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாம் மாற்றக்கூடியவை. ஜப்பான் மெசினில் காசு போடும் இடம் 100 யென் காசுக்குச் செய்தது, நம் காசு அதற்குச் சரிவராது. பெரும்பாலான போர்டுகளில் காசில்லாமல் விளையாடவிடும் அமைப்பு இருப்பதால் அதுவும் தொல்லை இல்லை.

படக்குழாய் அப்படியல்ல. புதிதாகச் செய்வது ஏறக்குறைய நின்றுபோன பொருள் அது. மெசினை அணைத்துவிட்டுத் திரையைப் பக்கவாட்டில் பாருங்கள். பழைய கேமின் எழுத்துகள் நிழல்போலப் பதிந்திருந்தால் அவை போகவே போகாது. பிறகு பின்கதவைத் திறந்து குழாயின் கழுத்துப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு இருக்க வேண்டும். நாங்கள் விட்ட ஒரு மெசினில் அந்த இடம் பால்போல வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் குழாய் இனி எழும்பாது.

மருமகன் இன்னும் கிட்டப் பார்க்கக் கையை உள்ளே நீட்டினான். சட்டென்று பிடித்து இழுத்தேன். ஓடும்போது குழாயில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய ரீவி திருத்திப் பழகிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகக் கை வைக்காதீர்கள்.

"குழாய் போனால் கொம்பியூட்டர் மொனிட்டரைப் பூட்டுவோம்" என்று சிலர் நினைப்பார்கள். பழைய ஆர்கேட் போர்டுகள் பெரும்பாலும் 15 கிலோஹேர்ட்ஸில் படம் அனுப்பும், சாதாரண கொம்பியூட்டர் மொனிட்டர் பொதுவாக 31இல் இருந்துதான் ஏற்கும். இடையில் ஒரு கன்வேர்ட்டர் வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொன்றை விட்டது பட்டரியால். போர்டின் மூலையில் இருந்த சின்னப் பட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினேன், பச்சையோடு செப்புக் கோடும் பெயர்ந்து வந்தது. கெப்கொம் என்ற ஜப்பான் கேம் கம்பனி 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டுகளில் சிக்கல் வேறு: பட்டரி தீர்ந்தால் கேமைத் திறக்கும் குறியீடும் அழிந்துவிடும். இப்போது மீட்க வழி இருக்கிறது, ஆனால் செய்யத் தெரிந்தவர் கைக்குப் போர்ட் போய்ச் சேர வேண்டும். மெசினின் வயரிங் ஜாமா முறையில் இருந்தால் நல்லது. 1985இல் ஜப்பானில் வந்த அந்த 56 முனைக் கனெக்டர் இருந்தால், போர்ட் கெட்டாலும் வேறொன்றைப் பூட்டலாம்.

அப்புறம் கரண்ட். ஜப்பான் மெசின் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. "ஒருக்கா போட்டுப் பாப்பம்" என்று நேரே செருகினால் அந்த ஒரு நொடியிலேயே பவர் சப்ளை கருகும். பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் யாரையும் பிளக்கைத் தொட விடாதீர்கள்.

நம் ஊரில் மரத்தையும் பார்த்தே ஆக வேண்டும். வாவியின் ஈரம், உப்புக்காற்று, மாரியில் வெள்ளம். பெட்டிகள் பெரும்பாலும் தூள் அழுத்திச் செய்த பலகை, கால்பக்கம் தண்ணீர் குடித்தால் ரஸ்க் போல ஊதிவிடும். கீழ் விளிம்பைப் பெருவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் விட்டுவிடுங்கள். கறையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாசல் அகலத்தை அளக்காமல் லொறி பிடிக்காதீர்கள். நூறு கிலோவுக்கு மேல் வரும் பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு கதவைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் நிமிர்த்தியபடியே கட்டி ஏற்றி வந்து, சீமெந்துக் கட்டின் மேல், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கனெக்டர்களை எல்லாம் மறுபடி இறுக்கி, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமரில் 100 வோல்ட் வருகிறதா என்று அளந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டோம்.